வீங்காத காயம்

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறை முடிந்து அனைவரும் விடுதிக்குத் திரும்பியிருந்த சமயம். ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி குழாயடியில் நின்றுகொண்டு, தன் கணுக்காலைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டோம். முதலில் சொல்ல மறுத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். ஊரில் அவர்கள் தோட்டத்துச் சாளைக்கு எங்கிருந்தோ ஒரு குட்டிநாய் வந்து சேர்ந்ததாம். அதனோடு விளையாடினாளாம். அது கவ்விவிட்டதாம். நான்கு நாள் ஆயிற்றாம். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைத்துவிட்டாள். பார்த்தோம். இரண்டு பல் தடம், அதன்மேல் சிறு பொருக்கு, அவ்வளவுதான்.

"யார்கிட்டயும் சொல்லீராதீங்க அக்கா. வீங்கவே இல்லீங்க. வலியும் இல்லீங்க" என்றாள்.

உண்மைதான், வீங்கவில்லை. அறிவியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்குபவர்கள் என்ற பெருமை எங்களுக்கு உண்டு. அந்தப் பெருமையோடு, "வீங்காவிட்டால் ஒன்றும் இருக்காது, போ" என்று தேறுதல் கூறி அனுப்பிவிட்டோம்.

அன்றிரவு எங்களில் ஒருத்திக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் விடுதிச் சிஸ்டரிடம் சென்று நடந்ததைச் சொன்னாள். சிஸ்டர் காலை உணவுக்குக்கூட நிற்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, அந்தச் சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் பஸ்ஸிலேயே அரசு மருத்துவமனைக்குப் புறப்பட்டார். அன்றே ஊசி போடத் தொடங்கினார்கள். இரண்டு நாள் கழித்து ஊரிலிருந்து செய்தி வந்தது. அந்தக் குட்டிநாய் செத்துக் கிடந்ததாம். வெறிநோயாலா, வேறு காரணத்தாலா என்று சோதித்துப் பார்த்தவர் எவருமில்லை.

சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வீங்காவிட்டால் ஒன்றுமில்லை என்று உங்களுக்கு எந்தப் புத்தகம் சொன்னது?"

எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ஆகவே, வெறிநாய்க்கடிக் கிருமியைப் பற்றி உயிரியல் ஆசிரியையிடம் கேட்டும், நூலகத்தில் தேடியும் நாங்கள் அறிந்தவற்றை இவ்வாண்டு மலரில் எழுதுகிறோம். நாங்கள் செய்த தவற்றை வேறு எந்த அக்காவும் செய்யக்கூடாது என்பதே எங்கள் ஆசை.

வீக்கம் என்பது என்ன? காலில் ஒரு வேலிமுள் குத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிறிது நேரத்தில் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே செல்சஸ் என்ற ரோமானியர் எழுதிவைத்திருக்கிறார். இதைத்தான் மருத்துவர்கள் அழற்சி என்பர். முள்ளோடு உள்ளே புகுந்த கிருமிகளை முதலில் கண்டுகொள்பவை, அங்கேயே குடியிருக்கும் ஒருவகை வெள்ளையணுக்கள். அவற்றுக்கு மேக்ரோபேஜ் என்று பெயர். தமிழில் பெருவிழுங்கி எனலாம். இவை கிருமிகளை விழுங்குவதோடு நிற்பதில்லை. சில புரதங்களைச் சுரந்து அக்கம்பக்கத்துக்கு அறிவிக்கின்றன. உடனே அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன. அந்தக் கசிவின் வழியே மேலும் பல வெள்ளையணுக்கள் வந்து சேர்கின்றன. ஆக, வீக்கம் என்பது உடல் எழுப்பும் கூச்சல். சாளையில் கட்டிவைத்த நாய் இரவில் குரைப்பதைப்போல. தூக்கம் கெடுகிறதே என்று நாம் சலித்துக்கொண்டாலும், குரைக்காத இரவில்தான் கள்வன் வந்து போயிருப்பான்.

வெறிநோய்க் கிருமி செய்வது இதுவே. நாயைக் குரைக்கவிடாமல் செய்துவிட்டு உள்ளே போகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாய் கடித்த இடம் வீங்குவதும் உண்டு. அந்த வீக்கத்துக்குக் காரணம் பல் கிழித்த புண்ணும், நாயின் வாயிலுள்ள பாக்டீரியாக்களுமே. வெறிநோய் வைரஸ் காயத்தில் இருக்கிறதா இல்லையா என்பதை வீக்கம் காட்டாது, வீக்கமின்மையும் காட்டாது. நாங்கள் பார்த்த அடையாளம் எதற்கும் அடையாளமே அன்று.

இந்த வைரஸ் துப்பாக்கித் தோட்டாவைப் போன்ற வடிவம் உடையது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால், அதில் இரண்டு கூறுக்கும் சற்றுக் குறைவான நீளம். மனித உடலுக்கு ஏறத்தாழ 20,000 வகைப் புரதங்களுக்கான மரபணுக்கள் இருக்க, இதனிடம் இருப்பவை ஐந்தே ஐந்து. என், பி, எம், ஜி, எல் என்று ஆங்கில எழுத்துகளால் அவற்றைக் குறிப்பிடுவர். ஐந்தை வைத்துக்கொண்டு ஒரு யானையையும் வீழ்த்திவிடுகிறது என்றால் அந்த ஐந்தும் எத்தகையவையாக இருக்கவேண்டும்! எல் என்பது வைரஸைப் படியெடுக்கும் பெரிய புரதம். மற்ற நான்கும் தத்தம் வேலையோடு வாயடைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன.

வைரஸ் புகுந்த உயிரணு, "அந்நியன் வந்துவிட்டான்" என்று அண்டை உயிரணுக்களுக்குச் சொல்ல இன்டர்பெரான் என்ற பொருளைச் சுரக்கும். வைரஸின் மரபுப்பொருளைத் தொட்டுணரும் காவலர்கள் உயிரணுவுக்குள்ளேயே இருக்கிறார்கள். என் புரதம் அந்த மரபுப்பொருளை இறுகச் சுற்றி மூடி, காவலர் கண்ணில் படாமல் காக்கிறது. அப்படியும் பட்டுவிட்டால்? இன்டர்பெரான் தயாரிக்கும் ஆணை உயிரணுவின் உட்கருவுக்குப் போகுமுன் பி புரதம் தடுத்துவிடுகிறது. பக்கத்து உயிரணு எப்படியோ சுரந்த இன்டர்பெரான் வந்து கதவைத் தட்டினாலும், அந்தச் செய்தியை உட்கருவுக்கு எடுத்துச்செல்லும் தூதுப் புரதங்களைப் பிடித்துக்கொண்டு பி விடுவதில்லை. அதாவது, சொல்லவும் விடாது, கேட்கவும் விடாது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் 2005, 2006ஆம் ஆண்டுகளில் இவ்விரண்டையும் கண்டறிந்தார்கள். எம் புரதமோ, அழற்சிப் பொருள்களைத் தயாரிக்க ஆணையிடும் மற்றொரு பாதையில் கை வைக்கிறது.

எங்களுக்கு மிகுந்த வியப்பைத் தந்தது ஜி புரதம். வைரஸின் வெளிப்புறத்தில் முட்கள்போல் நீட்டிக்கொண்டிருப்பது இதுதான். இதைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு பாம்பைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நம் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் வேலை செய்பவர்களைக் கேட்டால், கண்ணாடி விரியன் கடித்தால் கால் தூண்போல் வீங்கும் என்பார்கள். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வீங்காது, வலியும் அதிகம் இராது. தரையில் படுத்திருப்பவர் எறும்பு கடித்தது என்று புரண்டு படுத்துவிடுவார். விடியும்போது கண்ணிமை தூக்க முடியாது, மூச்சு முட்டும். தைவான் நாட்டில் இதே இனத்தைச் சேர்ந்த ஒரு விரியனின் நஞ்சை ஆராய்ந்த சாங், லீ என்ற இருவர் 1963ஆம் ஆண்டில் அதிலிருந்து ஒரு நச்சுப் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். நரம்பு தசைக்குச் செய்தி சொல்வது அசிட்டைல்கோலின் என்ற பொருளால். அதை வாங்கிக்கொள்ளும் பூட்டு போன்ற ஏற்பி தசையில் இருக்கிறது. பாம்பின் நச்சுப் புரதம் அந்தப் பூட்டில் போய் அடைத்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் லென்ட்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் 1982இல், வெறிநோய் வைரஸும் தசையிலுள்ள அதே பூட்டைத்தான் பிடித்துக்கொள்கிறது என்று காட்டினர். 1984இல், ஜி புரதத்தின் ஒரு பகுதி பாம்பின் நச்சுப் புரதத்தை ஒத்திருக்கிறது என்றும் கண்டனர். நாய்க்கடிக் கிருமியிடம் பாம்பின் சாவி!

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. அசிட்டைல்கோலின் பூட்டில் பல வகை உண்டு. அவற்றுள் ஆல்பா-7 என்ற வகை நரம்புகளில் மட்டுமல்ல, பெருவிழுங்கிகளின் மேலும் இருக்கிறது. வெள்ளையணுவுக்கு நரம்பின் பூட்டு எதற்கு? நியூயார்க்கில் கெவின் டிரேசி என்ற மருத்துவர் 2000ஆம் ஆண்டையொட்டிய ஆய்வுகளில் விடை கண்டார். அழற்சி அளவு மீறிப்போனால் நம் உடலையே அது கெடுத்துவிடும். அப்போது மூளை, வேகஸ் என்ற நரம்பின் வழியே, "போதும், அடங்குங்கள்" என்று சொல்கிறது. அந்தச் சொல்லை இறுதியில் பெருவிழுங்கிகளுக்கு உணர்த்துவது அசிட்டைல்கோலின். அதைக் கேட்கும் காது ஆல்பா-7. அடம்பிடித்து அழும் குழந்தையைத் தாய் தட்டிக்கொடுப்பதுபோல, உடல் தன்னைத்தானே தணித்துக்கொள்ளும் வழி இது.

அண்மையில் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதப் பெருவிழுங்கிகளோடு வெறிநோய் வைரஸைச் சேர்த்துப் பார்த்தனர். வைரஸ் ஆல்பா-7 பூட்டைப் பிடித்துக்கொண்டது. பெருவிழுங்கிகள் சண்டைக்கு எழவில்லை. அழற்சியைத் தணிக்கும் சாந்தமான வகையாக மாறிவிட்டன. தாயின் கையைப்போல் வந்து தட்டிக்கொடுப்பது கள்வனின் கை. ஆசிரியை இதை விளக்கியபோது எங்கள் வகுப்பே சிறிது நேரம் பேசாமல் இருந்தது.

எதற்காக இத்தனை பாடு? வைரஸுக்குப் போகவேண்டிய தூரம் அதிகம். கடிவாயிலிருந்து நரம்புக்குள் புகுந்து, நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் மேலேறி, தண்டுவடத்தைக் கடந்து மூளைக்குச் செல்லவேண்டும். பிறகு அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்கவேண்டும். அப்போதுதான் அடுத்த உயிரைக் கடித்துப் பரவ முடியும். நோய் வெளிப்பட இரண்டு மூன்று மாதங்கள் ஆவது வழக்கம். ஒரு வாரத்திலும் வரலாம், ஓர் ஆண்டுக்குப் பின்னும் வரலாம். இத்தனை நாளும் அதற்கு நரம்பணுக்கள் உயிரோடு வேண்டும். பாலம் இடிந்தால் வண்டி போக முடியாதல்லவா? ஆகவே, தான் ஏறிச்செல்லும் நரம்பணுவை இந்த வைரஸ் கொல்வதில்லை. பிறர் வந்து கொல்லவும் விடுவதில்லை.

வைரஸ் புகுந்த உயிரணுக்களைத் தேடி அழிக்க டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் உள்ளன. பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் மோனிக் லாஃபோன் என்ற பெண் விஞ்ஞானி தம் குழுவினரோடு செய்த ஆய்வை 2008இல் வெளியிட்டார். வைரஸ் புகுந்த நரம்பு மண்டலத்தில் பி.டி.-எல்.1 என்ற புரதம் மிகுதியாகத் தோன்றுகிறது. தேடிவந்த டி அணு அதைத் தொட்டதும் தானே மடிகிறது என்று கண்டார். அந்தப் புரதமே இல்லாத எலிகளுக்கு வைரஸைச் செலுத்தியபோது மரணம் வெகுவாகக் குறைந்தது. (புற்றுநோய்க் கட்டிகளும் இதே தந்திரத்தைச் செய்கின்றன. அதை முறியடிக்கும் சிகிச்சைக்கு வழி கண்ட இருவருக்கு 2018இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.)

வெறிநோயால் இறந்தவரின் மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள் நெடுங்காலமாகத் திகைத்தது இதனால்தான். உயிரையே பறித்த நோய். மூளையிலோ பெரிய அழிவு தெரியவில்லை, அழற்சியும் குறைவு. இத்தாலியர் அடெல்கி நெக்ரி 1903இல் நரம்பணுக்களுக்குள் கண்ட சிறு உருண்டைகளே நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாக இருந்தன. ஆய்வுக்கூடத்தில் வளர்த்து வீரியம் குறைத்த வைரஸை எலிக்குக் கொடுத்தால் மூளையில் அழற்சி உண்டாகிறது, வெள்ளையணுக்கள் உள்ளே வருகின்றன, எலி பிழைக்கிறது. தெருநாயின் வைரஸைக் கொடுத்தால் அமைதியாக இருக்கிறது, எலி சாகிறது.

இந்த அமைதியைக் குலைப்பதற்கு மனிதன் கண்ட வழிதான் தடுப்பூசி. 1885 ஜூலை 6ஆம் நாள், அல்சேஸ் பகுதியிலிருந்து தாயோடு பாரிசுக்கு வந்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தம் மருந்தைச் செலுத்தத் தொடங்கினார். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தித் தயாரித்த மருந்து அது. 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான். வைரஸ் நரம்புக்குள் ஒளிந்து மெல்ல நடந்து செல்கிறது. அதற்குள் வேறோர் இடத்தில், கூச்சல் போடத் தடையில்லாத இடத்தில், செத்த அல்லது நலிந்த வைரஸைக் காட்டி உடலை உசுப்பிவிட்டால் முந்திக்கொள்ளலாம். பி புரதத்தையும் ஆல்பா-7 பூட்டையும் அறியாத காலத்திலேயே அந்த ஓட்டப்பந்தயத்தைப் பாஸ்டர் கண்டுகொண்டார்.

அதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? பெல்ஜிய நாட்டில் வெறிநாய் கடித்தவர்கள் புனித ஹூபர்ட்டை வேண்டிக்கொண்டு, அவர் பெயரால் மந்திரித்த இரும்பைக் காய்ச்சிக் காயத்தில் சூடு வைத்துக்கொள்வார்களாம். நம் ஊர்களில் மந்திரிப்பதும், வேர் கட்டுவதும், கடிவாயில் சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ வைப்பதும் இன்னும் நின்றபாடில்லை. பாட்டிமார்கள் எங்களைக் கோபிக்கக் கூடாது. ஆரோக்கியநாதர் சுரூபத்தின் காலடியில் ரொட்டியைக் கவ்விக்கொண்டு நிற்கும் நாயிடம் எங்களுக்கும் பக்தி உண்டு. ஆனால் தெருவில் நிற்கும் நாய்க்கு ஊசி வேண்டும்.

சென்ற ஆண்டு நாங்கள் குன்னூருக்குச் சுற்றுலா சென்றோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போனதும், சிம்ஸ் பூங்காவில் படம் எடுத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. பூங்காவின் அருகிலேயே உள்ள பாஸ்டர் நிலையத்தை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. 1902ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலேய இளம்பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அப்போது இந்தியாவில் இதற்கு மருந்து கிடைத்த இடம் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலி. நாய் கடித்தவர் நம் பக்கத்திலிருந்து அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை நாள் போயிருக்கும்! தென்னிந்தியாவுக்கென ஒரு நிலையம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் தந்த நன்கொடையின் துணையோடு 1907இல் குன்னூர் நிலையம் திறக்கப்பட்டது.

அங்கும், நாட்டின் பிற இடங்களிலும் நெடுங்காலம் தயாரானது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் வகுத்த முறை அது. வயிற்றைச் சுற்றிப் போடும் ஊசி. நம் தாத்தா பாட்டியர் இன்றும் நடுக்கத்தோடு சொல்வது இதைத்தான். அதில் ஒரு குறை இருந்தது. ஆட்டு மூளையின் பொருள்கள் சிலருடைய உடலில் வேண்டாத சினத்தைத் தூண்டி, அவர்களது மூளையிலும் நரம்பிலும் அழற்சியை உண்டாக்கின. சிலருக்குப் பக்கவாதமும் வந்தது. நோயோ மூளையை அழற்சியின்றிக் கொல்கிறது. அதைத் தடுக்கும் மருந்தோ சிலருக்கு அழற்சியைக் கொடுத்தது. 2005ஆம் ஆண்டுக்குள் இந்தியாவில் இம்மருந்தை அறவே நிறுத்திவிட்டார்கள். இப்போது போடுவது உயிரணு வளர்ப்பு முறையில் செய்த தூய மருந்து. குன்னூர் நிலையமும் அதைத் தயாரித்தது.

எங்கள் தங்கைக்கு நடந்ததைக் கொண்டே இன்றைய முறையைச் சொல்லிவிடுகிறோம். முதலில் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினார்கள். வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். கடிபட்ட அந்த நிமிடமே செய்யவேண்டிய வேலை இது. நான்கு நாள் கழித்துச் செய்தால் முழுப் பயன் கிடைக்காது. கையில் தோலுக்குள் தடுப்பூசி போட்டார்கள். முதல் நாள், பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். தடுப்பூசியால் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காவல் வேண்டுமே! இரத்தம் வரும்படி பல் பதிந்திருந்ததால், தயார்நிலையில் உள்ள எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்தைச் சுற்றியே செலுத்தினார்கள். அவள் உடல் எழுப்பாத கூச்சலுக்கு ஈடாக வெளியிலிருந்து அனுப்பிய ஆள் அது. வலித்தது என்று அழுதாள். எத்தனை நாள் தாமதமானாலும் ஊசி போடத்தான் வேண்டும் என்று மருத்துவர் சிஸ்டரிடம் கூறினாராம்.

நோய்க்குறி தோன்றிவிட்டால்? தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் நிலை வந்தபின் பிழைத்தவர்கள் உலகில் மிகச் சிலர். 2004இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், எங்கள் வயதே உடைய 15 வயது மாணவி ஒருத்தி, கோயிலில் விழுந்த வௌவாலை எடுத்து வெளியே விட்டாள். விரலில் சின்னக் கடி. சிறியதுதானே என்று விட்டுவிட்டாள். ஒரு மாதம் கழித்து நோய் வந்தது. மருத்துவர்கள் அவளை மயக்கத்தில் ஆழ்த்தி வைத்துக் காத்திருந்தனர். அவள் உடலே எதிர்ப்பொருளை உண்டாக்கிப் பிழைத்தாள். தடுப்பூசியே போடாமல் வெறிநோயிலிருந்து பிழைத்ததாக அறியப்பட்ட முதல் ஆள் அவள். அதே முறையைப் பிற இடங்களில் பலருக்குச் செய்தும் பெரும்பாலும் பலிக்கவில்லை. நம் நாட்டில் 2022, 2023ஆம் ஆண்டுகளில் 15 மாநிலங்களில் வீடு வீடாக நடத்திய ஆய்வின் கணக்குப்படி, வெறிநோயால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 பேர் இறக்கின்றனர். முந்தைய மதிப்பீடுகளைவிட இது வெகுவாகக் குறைவு. ஆனால் இதில் ஒவ்வொன்றும் ஊசியால் தடுத்திருக்கக்கூடிய மரணம்.

பாம்பின் சாவியை ஒத்த அந்த ஜி புரதத்தின் சிறு துண்டை, மூளைக்கு மருந்து கொண்டுசெல்லும் வண்டியாகப் பயன்படுத்தலாம் என்று 2007இல் எலிகளில் காட்டினார்கள். அமெரிக்காவில் அந்த ஆய்வைச் செய்த குழுவில் பிரீத்தி குமார், பிரேம்லதா சங்கர் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் இருந்தனர். அழற்சி மிகுந்து துன்புறுவோருக்கு ஆல்பா-7 பூட்டைத் திறக்கும் மருந்துகளையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் தங்கை இப்போது ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். நான்கு தேதிகளுக்கும் நேரே மருத்துவமனை முத்திரை விழுந்த சீட்டை மடித்துத் தன் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறாள். இக்கட்டுரைக்காகக் கேட்டபோது எடுத்துக் காட்டினாள். 28ஆம் நாளுக்குரிய முத்திரை சற்றுக் கோணலாக இருக்கிறது.